கூப்பிட்டால் வருமா?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வீட்டில் சொன்னாராம். அவருடைய ஆயா சண்டை பிடிக்கவில்லை. "சமத்துவம், நீதி என்று மணிக்கணக்கில் பேசுகிறாயே, அதையெல்லாம் கண்ணால் கண்டாயா? அதை நம்பலாம், சாமியை நம்பக் கூடாதா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பதில் தோன்றாமல் பேரன் இங்கே வந்திருக்கிறார். இரண்டும் ஒன்றுதானா, அப்படியானால் தாமும் ஒரு வகை ஆத்திகர்தானா என்று கேட்கிறார். கடைசியில், பொருட்படுத்த வேண்டாம் என்பதுபோல ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "உன் நீதி கூப்பிட்டால் வருமா என்று வேறு கேட்டார்."

தம்பி, விஷயமே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது கடவுள் உண்டா என்பதை அன்று. நம்புதல் என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்தில் போடுகிறோமே, இரண்டு இடத்திலும் நாம் செய்கிற காரியம் ஒன்றுதானா என்பதைக் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் முப்பது ஆண்டு மெய்யியல் பாடம் நடத்திவிட்டு இப்போது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வாக இருக்கிறேன். கடவுளைக் காட்டித் தருகிற தகுதியோ, இல்லை என்று நிறுவுகிற தகுதியோ எனக்குக் கிடையாது. சொற்களைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு. அது இந்தக் கேள்விக்கு ஓரளவு பயன்படும்.

"மாமா நாளைக்கு வருவார் என்று நம்புகிறேன்" என்பதும் "மாமாவை நம்புகிறேன்" என்பதும் ஒன்றில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலாவது ஒரு செய்தியைப் பற்றிய கணிப்பு. அது பொய்த்தால் கணிப்பு தவறு, அவ்வளவுதான். இரண்டாவதில் நாம் நம்மையே ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறோம். நம்பிக் கெட்டான் என்ற வழக்கு இரண்டாவதற்குத்தான் பொருந்தும். பூமி உருண்டை என்று நம்பிக் கெட்டவர் யாரும் இல்லை. தொல்காப்பியத்தின் உரியியல் 'நம்பு' என்ற சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் சொல்கிறது. 'இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுதல்' என்பது அந்தச் சொல்லின் பழைய பொருளாக அங்கே காணப்படவில்லை. ஆத்திகம் என்ற சொல்லோ வேறு வழியில் வந்தது. 'உண்டு' என்று பொருள்படும் அஸ்தி என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது அது. அதன் மறுப்பு நாத்திகம். மேடையில் நடக்கும் உண்டு, இல்லை என்ற சண்டை முழுக்க இந்த வடசொல்லின் எல்லைக்குள் நடப்பது. உங்கள் ஆயா வீட்டில் நின்று பேசியது தமிழ்ச் சொல்லின் எல்லைக்குள்.

இனி உங்கள் பக்கத்துக் கருத்துப்பொருள்களை, அதாவது தொட்டுப் பார்க்க முடியாமல் கருத்தாக மட்டும் நிற்பவற்றை, பார்ப்போம். அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் முதல் சிக்கல். ஏழு பகா எண் என்பதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது பகா எண்தான். எண்கள் எங்கேயாவது 'இருக்கின்றனவா' என்று மெய்யியலார் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த வழக்கு முடியவில்லை. ஆனால் எண் யாரையும் எதுவும் செய்யாது என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு. இராமானுசனை நினைத்துப் பாருங்கள். எண்களோடேயே வாழ்ந்தவர். ஆனால் அவர் கைகூப்பியது தம் குலதெய்வமான நாமகிரித் தாயாரை; அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 என்ற எண்ணை அன்று.

பணம் வேறு சாதி. 2016 நவம்பர் 8 இரவு, ஐந்நூறு ரூபாய்த் தாளின் காகிதம் மாறவில்லை, மை மாறவில்லை. அறிவிப்பு வந்தது, அது கடைத்தெருவில் செல்லாமல் போனது. நாம் எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பதால் மட்டுமே இருக்கிற பொருள்கள் இவை. நாட்டின் எல்லைக்கோடு, பட்டா, கல்லூரிப் பட்டம் எல்லாம் இந்த இனம். ஒருவர் தனியாக நம்பாமல் விட்டால் பணத்துக்கு ஒன்றும் ஆகாது. எல்லாரும் விட்டால் மறுநாளே அது இருக்காது.

நீதி இந்த இரண்டிலும் சேராது. இருபது ஆண்டாக வாய்க்கால் வழக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்குகிற ஒரு விவசாயி "நீதி செத்துப்போச்சு சார்" என்று சொன்னால், அவருக்கு நீதியில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்வீர்களா? அடுத்த வாய்தாவுக்கும் அவர் போவார். நீதியை நம்புவது என்றால் அது உலகத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று கருதுவதில்லை. அது இருந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பது. இல்லாத இடத்தில்தான் அந்த நம்பிக்கைக்கு வேலையே. கடவுளை நம்புகிறவர் நிலைமை நேர் எதிர். கடவுள் இல்லை என்று ஆகிவிட்டால் அவர் நம்பியதற்கு ஆளே இல்லை. அவருக்கு 'இருந்தாக வேண்டும்' என்பது போதாது. ஆகவே ஆயாவின் முதல் வாதத்தில், கண்ணால் காணாதது என்ற ஒற்றுமையை வைத்து இரண்டையும் ஒன்றாக்கியதில், ஓட்டை இருக்கிறது. இதை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் நீங்களும் ஒரு தவறு செய்திருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் வெறும் கருத்து என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே சிதம்பரம் இருக்கிறது. அங்கே திரையை விலக்கினால் வெற்றிடம். பொன் வில்வ மாலைகள் தொங்கும், உருவம் எதுவும் இராது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கைகூப்புகிறவர், வெற்றிடம் என்ற கருத்தையா கும்பிடுகிறார்? இசுலாத்தில் இறைவனுக்கு உருவம் அறவே கிடையாது. ஆனாலும் திருக்குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹாவைக் கவனியுங்கள். இறைவனைப் படர்க்கையில் புகழ்ந்துகொண்டே வருவது, நடுவில் சட்டென்று 'உன்னையே வணங்குகிறோம்' என்று முன்னிலைக்குத் திரும்புகிறது. அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாய் அவரிடமே பேசத் தொடங்குகிறது. உருவம் இல்லாததால் அவர் கருத்துப்பொருளாகிவிடவில்லை.

இங்கே நம் இலக்கணம் கைகொடுக்கிறது. நன்னூல் மக்களையும் தேவரையும் நரகரையும் உயர்திணை என்கிறது; மற்றவை எல்லாம் அஃறிணை. கடவுள் 'இருக்கிறார்', நீதி 'இருக்கிறது'. திணையிலேயே வேறுபாடு வெளிப்படையாக இருக்கிறது. தொல்காப்பியம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. காலம், உலகம், உயிர், உடம்பு, பால்வரை தெய்வம் எனப்படும் ஊழ், வினை, பூதம், ஞாயிறு, திங்கள், சொல் என்று பத்தைப் பட்டியலிட்டு, இவை உயர்திணையைச் சேர்ந்தாலும் ஆண்பால் பெண்பால் என்று பிரிந்து இசைக்காதவை என்கிறது. காலமும் ஊழும் ஆளா பொருளா என்ற குழப்பம் அன்றைக்கே இருந்திருக்கிறது என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். உரையாசிரியர்கள் இதை இந்த நோக்கில் விளக்கவில்லை. இது என் வாசிப்பு, அவ்வளவுதான்.

திணையைவிட முக்கியம் வேற்றுமை. தமிழில் வேற்றுமை எட்டு; எட்டாவது விளி, கூப்பிடுவது. மற்ற ஏழிலும் பெயர் ஒரு வாக்கியத்துக்குள் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். எட்டாவதில் மட்டும் அது நம் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. 'உன் நீதி கூப்பிட்டால் வருமா' என்று உங்கள் ஆயா கேட்டது இந்த எட்டாம் வேற்றுமையைத்தான். முப்பது ஆண்டு நான் வகுப்பில் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அவர் நான்கு சொல்லில் சொல்லியிருக்கிறார்.

நான் குடியிருக்கும் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். பாடலிபுரம் என்று பெரியபுராணம் சொல்லும் இந்த ஊரில் சமண மடம் இருந்தது. தருமசேனர் என்ற பெயரில் அங்கே பெரிய நிலையில் இருந்தவர்தான் பின்னாளில் அப்பர். சமணம் எளிய மதம் அன்று. படைத்தவன் என்று ஒருவன் இல்லாமலேயே வினையும் அதன் பயனும் பிசகாமல் நடக்கும் ஓர் ஒழுங்கை அது காட்டியது. தீர்த்தங்கரரை வணங்கலாம், ஆனால் அவர் விருப்பு வெறுப்பைக் கடந்தவர், நம் குறைக்காக இறங்கி வரமாட்டார். அந்த மடத்தில் இருந்தவருக்குச் சூலை நோய் வந்தது, குடல் முறுக்கியது, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் போய்ச் சேர்ந்தார் என்பது கதை. கதையைச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். அப்பரோ ஏழாம் நூற்றாண்டு. இடையில் ஐந்நூறு ஆண்டு இருக்கிறது. ஆகையால் நிகழ்ச்சிகளில் எவ்வளவு வரலாறு என்று நான் வாதிட மாட்டேன். பாட்டு மட்டும் கையில் இருக்கிறது. திருவதிகைப் பதிகத்தின் முதல் அடியே முறையீடு: கூற்றுவனைப்போல வருத்தும் இதை விலக்க மாட்டீரா என்று முன்னிலையில் தொடங்கி, கெடிலக்கரை வீரட்டானத்து 'அம்மானே' என்று விளியில் முடிகிறது. அதில் கடவுள் உண்டு என்பதற்கு ஒரு வாதமும் இல்லை. வலிக்கிறது, ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர் என்ற சண்டை இருக்கிறது. பிசகாத ஒழுங்கோடு சண்டை போட முடியாது. ஓர் ஆளோடுதான் போட முடியும்.

இதை எனக்குப் புத்தகத்தைவிட நன்றாகப் புரியவைத்தவர் என் மாமா. பண்ருட்டிக்குத் தெற்கே அவருக்கு முந்திரித் தோப்பு இருந்தது, ஓரத்தில் பத்துப் பதினைந்து பலா. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அன்று பகலில் நான் போய்ப் பார்த்தபோது தோப்பு இருந்த இடத்தில் வேர்கள்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தாத்தா வைத்த மரங்கள். மாமா அழவில்லை. அடுத்த ஆடியில் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கக் குடும்பமே கிளம்பியபோது அவர் மட்டும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. கடவுள் நம்பிக்கை போய்விட்டதா மாமா என்று, படித்த திமிரில், கேட்டுவைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதெல்லாம் இல்லை. அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை" என்றார்.

பங்காளிக்குள் மனத்தாங்கல் வந்தால் கல்யாணத்துக்கு நேரில் போகாமல் மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவார்கள் அல்லவா, அதைப்போல அத்தையிடம் ஆண்டுதோறும் படையலுக்குப் பணம் கொடுத்தனுப்பினார். தாம் போகவில்லை. நாத்திகர் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்க மாட்டார். பக்தர் வீட்டில் இருந்திருக்க மாட்டார். கடவுள் உண்டா இல்லையா என்ற அளவுகோலில் மாமாவை எங்கே நிறுத்துவது? அந்த அளவுகோலில் அவருக்கு இடமே கிடையாது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின்மேல் யாரும் ஆறு ஆண்டு கோபமாக இருந்ததில்லை.

எல்லா மரபும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வேதத்தை உயிராகக் கொண்ட மீமாம்சகர்கள் இருக்கிறார்களே, அவர்கள் சொன்னதைக் கேட்டால் இன்றைக்கும் கோயில் வாசலில் சண்டை வரும். 'இந்திரனுக்கு' என்று சொல்லி நெய்யை நெருப்பில் விடுகிறோம். அந்த இந்திரன் உடம்போடு வந்து அதைச் சாப்பிடுவதில்லை, மகிழ்ந்து பலன் கொடுப்பதும் இல்லை என்பது அவர்களுடைய மூல நூலுக்குச் சபரர் எழுதிய உரையின் நிலைப்பாடு. வேள்வியில் தெய்வம் என்பது நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கும் சொல், அவ்வளவே. பலனைத் தருவது செய்த கருமம். உலகைப் படைத்த கடவுள் என்ற கருத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் வடமொழி மரபுக் கணக்கில் அவர்கள் ஆத்திகர்கள், ஏனென்றால் அங்கே ஆத்திகம் என்றால் வேதத்தை ஒப்புவது. கருத்துப்பொருளை நம்புகிறவரும் சமயவாதியாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மாமாவின் அய்யனார் எட்டாம் வேற்றுமைக் கடவுள். மீமாம்சகரின் இந்திரன் நான்காம் வேற்றுமையோடு நின்றுவிட்டவன்.

இந்த வேற்றுமைக் கணக்கு எங்கே உடையும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். கூப்பிடுவதாலேயே எதிரே ஆள் இருப்பதாக ஆகிவிடாது. கதவிடுக்கில் விரல் நசுங்கினால், தாயை இழந்து இருபது ஆண்டான கிழவரும் "அம்மா" என்றுதான் கத்துகிறார். அஃறிணைப் பெயரும் விளி ஏற்கும் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. நெஞ்சே, நிலவே என்று கவிஞர்கள் கூப்பிடாத பொருள் இல்லை. கடவுள் மறுப்பைக் கவிதையில் முழங்கிய பாரதிதாசன் எழுதியதுதான் புதுச்சேரியின் தமிழ்த்தாய் வாழ்த்து. அதில் தமிழ் 'நீ' என்றே அழைக்கப்படுகிறது. அரசு விழாவில் அதற்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் எனக்குச் சிறு புன்னகை வரும், கேலியினால் அன்று. மனிதன் எதை மிகவும் நேசிக்கிறானோ அதற்குக் காது வைத்துவிடுகிறான். கடவுளுக்கும் அப்படித்தான் காது வைத்தானா, அல்லது உண்மையிலேயே கேட்கிற காது ஒன்று இருப்பதால்தான் கூப்பிடுகிற பழக்கமே நமக்கு வந்ததா என்பதை இலக்கணம் தீர்க்காது. நான் படித்த வாதங்களும் தீர்க்கவில்லை. தீர்ந்துவிட்டது என்று இரு பக்கத்திலும் சொல்கிறவர்களோடு பழகியிருக்கிறேன். வாதத்தில் பாதி தூரம் வந்தபின் அவர்களுக்குக் குரல்தான் உயர்கிறது.

உறுதியாகச் சொல்ல முடிந்தது குறைவு. கவிஞன் நிலவைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அது பேசாததில் அவனுக்கு வருத்தமும் இல்லை. பக்தர் காத்திருக்கிறார். பதில் வராவிட்டால் அதற்கும் ஒரு பொருள் தேடுகிறார், சோதிக்கிறார் என்கிறார், கோபித்துக்கொள்கிறார். மௌனம் ஒரு மறுமொழியாகக் கணக்கில் ஏறுவது ஆள் இருப்பதாகக் கொண்ட இடத்தில்தான்.

இரண்டுக்கும் நடுவே நின்றவர்களையும் நீங்கள் பார்க்க வேண்டும். அதற்கு நீங்கள் வடலூர்வரை போனால் போதும். வள்ளலார் 1872இல் திறந்த சத்திய ஞான சபையில் சிலை இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளி. மேலோட்டமாகப் பார்த்தால் தெய்வத்தைக் கருத்தாக்கிவிட்டார் என்று தோன்றும். ஆனால் அந்தச் சோதியை அவர் ஆண்டவர் என்கிறார். அப்பா என்று அழைத்துப் பாடுகிறார். உருவத்தைக் கழற்றி வைத்தவர் விளியைக் கழற்றவில்லை. இன்னொரு பக்கம், சீவகாருண்யம் என்ற கருத்துப்பொருளை எடுத்து, அதுவே கடவுள் வழிபாடு என்றார். சபைக்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே, 1867இல், தருமச்சாலையில் அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் நீ எந்தத் திணையை நம்புகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. உங்களைப்போல நீதியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு, உங்கள் மாவட்டத்திலேயே, இவரைவிட நெருங்கிய உறவினர் கிடைக்க மாட்டார்.

ஆகவே நீங்கள் ஆத்திகரா? என் கணக்கில் இல்லை. நீதியின்மேல் நீங்கள் வைத்திருப்பது ஒரு பற்று, ஒரு கடமை. அதற்கு ஆளும் தேவையில்லை, பதிலும் தேவையில்லை. உங்களை மறைமுக பக்தர் என்று சொல்வது உங்களுக்கும் நியாயம் இல்லை, பக்தருக்கும் நியாயம் இல்லை. சட்டம் இதை நாகரிகமாகத் தீர்த்து வைத்திருக்கிறது. அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணைப்படி அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டம் நீதிமன்றச் சாட்சிக்கும் அதே இரண்டு வழிகளைத் தருகிறது. இரண்டுக்கும் எடை ஒன்றே. ஆனால் முதலாவதைச் சொல்கிறவர், கூண்டில் தம்மோடு இன்னொருவரும் நின்று கேட்டுக்கொண்டிருப்பதாகக் கொள்கிறார். இரண்டாவதைச் சொல்கிறவர் தனியாக நிற்கிறார். தனியாக நிற்பது கோழைத்தனமும் இல்லை, வீரமும் இல்லை. ஆனால் அது வேறு நிலை.

என்னைப் பற்றிக் கேட்டால், கடவுளைப் பற்றி ஏழு வேற்றுமையிலும் என்னால் மணிக்கணக்கில் பேச முடியும். எட்டாவது எனக்கு எளிதில் வருவதில்லை. அதை ஒரு குறையாகத்தான் எண்ணுகிறேன்.

மாமா கதையை முடிக்கவில்லை. ஆறாவது ஆண்டில் பேத்திக்குக் காதுகுத்து, அதே அய்யனார் கோயிலில். மடியில் வைத்துக் குத்த வேண்டியவர் தாய்மாமன், மாமாவின் மகன். தாத்தாவுக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் அவர் வந்தார். உள்ளே வராமல், மண்குதிரையின் காலடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனபின் பார்த்தால் ஆளைக் காணோம். சன்னதிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார், கைகூப்பாமல், உதடு மட்டும் அசைய. திரும்பி வந்தபோது, சமாதானம் ஆகிவிட்டதா மாமா என்றேன். "அவர் முதலில் பேசட்டும் என்றுதான் இருந்தேன். எவ்வளவு காலம் இப்படியே இருப்பது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு இடம் பார்த்தார்.

உங்கள் ஆயாவும் அப்படி எப்போதாவது சாமியோடு பேசாமல் இருந்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள், தம்பி. வாதத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.